கடனை முந்திக் கட்டுவதா, கையில் சேர்த்து வைப்பதா?

(அறக்கட்டளையின் ஆண்டு விழாவில், கல்வி உதவி பெறும் மாணவர்களும் பெற்றோர்களும் கூடியிருந்த அரங்கில் ஆற்றப்பெற்ற உரை)



உணவு, அபயம், மருந்து, சாத்திரம் எனத் தானம் நால்வகைப்படும் என்பது இந்த அவை அறிந்ததே. ஆனால் இக்காலத்தில் ஒரு பிள்ளை பொறியியலோ மருத்துவமோ கற்க வேண்டுமாயின் தானம் மட்டும் போதுவதில்லை, கடனும் வேண்டியிருக்கிறது. கடன் பெறும் வழியைச் சொல்லித் தர இன்று பலர் இருக்கின்றனர். வேலை கிடைத்து முதற் சம்பளம் கைக்கு வந்தபின், அந்தக் கடனை எப்படித் தீர்ப்பது என்று சொல்லித் தருவோர் மிகச் சிலரே. அந்த ஒரு வினாவை மட்டும் இன்று இந்த அரங்கில் ஆராயலாம்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். வந்தவாசிக்கு அருகில் ஒரு சிற்றூர். தந்தைக்கு மூன்று ஏக்கர் நிலம். நெல்லும் மணிலாவும் பயிர். மகள் பொறியியல் படிக்க வங்கியில் 6 இலட்சம் ரூபாய் கடன் பெற்றனர். வட்டி ஆண்டுக்கு 10 விழுக்காடு. மகள் படித்த காலத்தில் ஏறிய வட்டியை, அறுவடைக்கு அறுவடை தந்தையே வங்கியில் செலுத்தி வந்தார். இப்போது மகளுக்குச் சென்னையில் வேலை. கைக்கு வரும் சம்பளம் மாதம் 35,000 ரூபாய். விடுதிக்கும் உணவுக்கும் போக்குவரத்துக்கும் 14,000, வீட்டுக்கு 5,000, பத்தாண்டுத் தவணையாக வங்கிக்கு 7,929. இவை போக மாதந்தோறும் 8,000 ரூபாய் மிஞ்சுகிறது.

அந்த 8,000 ரூபாயில்தான் வழக்கு. "மிச்சம் பிடிப்பதை எல்லாம் வங்கியில் கட்டிவிடு அம்மா. கடன் தீர்ந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்" என்கிறார் தந்தை. "கல்விக் கடனுக்கு வட்டி குறைவுதான் அப்பா, வரிச் சலுகையும் உண்டாம். அவசரப்பட்டுக் கட்டுவதைவிடப் பரஸ்பர நிதியில் போடுவதே மேல் என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள்" என்கிறாள் மகள். இருவரும் குடும்பத்தின் நன்மையையே நாடுகின்றனர். இருவர் சொல்லிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியை அறியக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

கடன் வளரும் விதம்

வங்கிகள் பின்பற்றும் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தின்படி, படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. பிறகு 15 ஆண்டுகள் வரை தவணைக் காலம் தரப்படுகிறது. தவணை கட்ட வேண்டாம் என்பதால் வட்டியும் இல்லை எனப் பலர் எண்ணிவிடுகின்றனர். அது பிழை. அக்காலத்திலும் தனி வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். ஆண்டுக்கு 1,50,000 வீதம் நான்காண்டு பெற்ற 6 இலட்சத்துக்கு, ஐந்தாம் ஆண்டின் முடிவில் 2,10,000 ரூபாய் வட்டி சேர்ந்திருக்கும். அதை அசலோடு கூட்டி, 8,10,000 ரூபாய்க்கே தவணை வகுக்கப்படும். மாதத் தவணை 7,929 என்பது 10,700 ரூபாயாக உயரும்.

மணிலா விற்ற பணத்தில் வட்டி கட்டிய அந்தத் தந்தை, தம்மை அறியாமலேயே தம் மகளின் தோளிலிருந்து 2,10,000 ரூபாய்ச் சுமையை இறக்கி வைத்திருக்கிறார். படிக்கும் காலத்தில் வட்டியைத் தவறாமல் செலுத்துவோருக்கு 1 விழுக்காடு வட்டியைக் குறைக்கும் வழக்கமும் வங்கிகளில் உண்டு. இன்னும் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இதை மனத்திற் கொள்ள வேண்டும். வங்கியில் கேட்டும் பெற வேண்டும்.

ஆனால் ஒரு விலக்கு. குடும்ப ஆண்டு வருமானம் 4.5 இலட்சத்துக்கு உட்பட்டு, இந்தியாவில் தொழிற்படிப்புப் பயில்வோருக்கு, மேற்சொன்ன காலத்து வட்டியை நடுவணரசே ஏற்கும் திட்டம் 2009-10 கல்வியாண்டு முதல் நடைமுறையில் உள்ளது. அந்த மானியம் பெறுவோர் அக்காலத்தில் முந்திக் கட்ட வேண்டிய தேவை இல்லை. அவர்கள் வட்டிக்கென ஒதுக்க எண்ணிய தொகையைக் கையிருப்பாகச் சேர்த்து வைப்பதே முறை.

முந்திக் கட்டினால் என்ன மிஞ்சும்?

6 இலட்சம் கடனைப் பத்தாண்டுகள் தவணை தவறாமல் கட்டினால், வங்கிக்குச் சென்று சேரும் மொத்தத் தொகை ஏறத்தாழ 9,51,000 ரூபாய். வட்டி மட்டும் 3,51,000. முதல் மாதத் தவணையான 7,929 ரூபாயில் 5,000 வட்டிக்கே போகிறது. அசலில் குறைவது 2,929 மட்டுமே. தொடக்க ஆண்டுகளில் தவணையின் பெரும்பகுதி வட்டிக்கும், இறுதி ஆண்டுகளில் பெரும்பகுதி அசலுக்கும் செல்லும். தவணைக் கடனின் இயல்பு இது.

ஆகவே முந்திக் கட்டும் பணத்துக்குக் காலத்தைப் பொறுத்தே வலிமை. தவணை தொடங்கும் நாளிலேயே 1 இலட்சத்தை அசலில் கழித்தால், 120 மாதத் தவணை 90 மாதங்களாகச் சுருங்கும். வட்டியில் ஏறத்தாழ 1,39,000 ரூபாய் மிஞ்சும். அதே 1 இலட்சத்தை ஏழாண்டு கழித்துக் கட்டினால் மிஞ்சுவது 27,000 ரூபாய்க்கும் குறைவு. பணம் ஒன்றே, நேரம் வேறு. கடன் முடியும் தறுவாயில் வீட்டில் உள்ளதை எல்லாம் திரட்டிக் கொண்டுபோய்க் கட்டுவோர், அப்பணத்துக்கு வேறு தேவை இல்லையா என ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

முந்திக் கட்டினால் வங்கி தண்டம் விதிக்குமோ என்ற அச்சம் பலருக்கு இருக்கிறது. தனிநபர் பெற்ற மாறும் வட்டிக் கடனை முன்கூட்டித் தீர்க்கக் கட்டணம் கூடாது என 2014ஆம் ஆண்டிலேயே இந்திய ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு ஆணையிட்டுவிட்டது. நிலையான வட்டியில் கடன் பெற்றோர் மட்டும் தம் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

வரிச் சலுகை யாருக்கு?

கல்விக் கடனுக்கு வரிச் சலுகை உண்டு என்று மகள் சொன்னது உண்மை. 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம், 80-இ பிரிவின் வழியே, கல்விக் கடனுக்குச் செலுத்திய வட்டியை எட்டாண்டுகள் வரை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள இடமளித்தது. அதற்கு உச்சவரம்பு இல்லை. ஆயினும் அது வட்டிக்கு மட்டுமே, அசலுக்கு இல்லை; பழைய வரி முறையைத் தேர்ந்தோருக்கே, புதிய முறையில் இல்லை.

இதில் மறைந்திருக்கும் செய்தி ஒன்று உண்டு. பழைய முறையில் 20 விழுக்காடு வரி செலுத்தும் ஒருவர், 100 ரூபாய் வட்டி கட்டினால் அவருக்கு வரியில் மிஞ்சுவது 20 ரூபாய். எஞ்சிய 80 ரூபாய் அவர் கையை விட்டுப் போனதுதான். அவருக்கு 10 விழுக்காட்டுக் கடன் 8 விழுக்காட்டுக் கடன் போல் ஆகிறது. அவ்வளவே. அவர் வங்கி வைப்பில் 7 விழுக்காடு பெறுவாராயின், அதற்கும் வரி போக அவர் கையில் நிற்பது 5.6 விழுக்காடு. சலுகையைக் கணக்கில் சேர்த்த பின்னும் கடனே கனமாக இருக்கிறது.

நம் எடுத்துக்காட்டில் வரும் மகளுக்கோ, அவள் பெறும் சம்பளத்துக்கு வரியே கிடையாது. இல்லாத வரியில் சலுகை எங்கிருந்து வரும்? பிறருக்குப் பொருந்தும் அறிவுரை தமக்கும் பொருந்துமா எனப் பாராமல் ஏற்பதால் வரும் மயக்கம் இது.

பங்குச் சந்தை சார்ந்த நிதிகளைப் பற்றியும் ஒரு சொல். நீண்ட காலத்தில் அவை கடன் வட்டியைவிட மிகுதியாக ஈட்டித் தரக்கூடும், தராமலும் போகக்கூடும். 2020 ஜனவரியில் 12,000 புள்ளிகளுக்கு மேல் நின்ற நிஃப்டி குறியீடு, அவ்வாண்டு மார்ச் 23ஆம் நாள் 8,000க்கும் கீழே இறங்கியது. பின்னர் அது மீண்டது மெய்யே. ஆனால் பலர் வேலை இழந்ததும் அதே மாதங்களில்தான். மீளும்வரை காத்திருக்க முடியாமல் விற்றவர்க்கு அந்த மீட்சியால் பயன் என்ன? 10 விழுக்காட்டுக் கடனில் 100 ரூபாயைக் கழித்தால் ஆண்டுக்கு 10 ரூபாய் மிச்சம் என்பது உறுதி. அந்த உறுதியைச் சந்தை தருவதில்லை.

அப்படியானால் தந்தை சொல்வதே சரியா?

கணக்கு இதுவரை தந்தையின் பக்கமே நிற்கிறது. மாதம் 8,000 ரூபாயையும் கூட்டிக் கட்டினால் 46 மாதங்களில் கடன் தீர்ந்துவிடும். வட்டியில் ஏறத்தாழ 2,28,000 ரூபாய் மிஞ்சும். ஆனால் அந்த 46 மாதங்களும் அந்தக் குடும்பத்தின் கையில் ஒரு காசும் இராது.

வங்கிக்குள் கட்டிய பணம் திரும்பி வாராது என்பதை மறக்கலாகாது. முப்பதாம் மாதத்தில் மகளின் நிறுவனம் ஆட்குறைப்புச் செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதுவரை இரண்டு இலட்சத்துக்கு மேல் கூடுதலாகக் கட்டியிருந்தாலும், முப்பத்தோராம் மாதத் தவணை வேண்டும் என்றே வங்கி கேட்கும். அசலில் கழித்த தொகையைப் பொதுவாக வரும் மாதத் தவணைக்கு ஈடாக வங்கிகள் கொள்வதில்லை. தவணை 90 நாள்களுக்கு மேல் நிலுவையானால் அக்கடன் வாராக் கடன் வகையில் சேர்க்கப்படும். கல்விக் கடனில் பெற்றோரும் இணைக் கடனாளர். ஆகவே மகளின் கடன் வரலாற்றில் விழும் கறை தந்தையின் பெயரிலும் விழும். அடுத்த பருவத்துக்குப் பயிர்க் கடன் கேட்டுச் செல்லும்போது அது அவர் முன் வந்து நிற்கும். நிம்மதியான தூக்கத்தை வேண்டி விரைந்து கட்டியவர்க்கே தூக்கம் போய்விடும்.

தாய்க்கு அறுவை மருத்துவம் என்றாலும் இதே நிலைதான். கையில் பணம் இல்லாதவர் எங்கே செல்வார்? ஊரில் இரண்டு வட்டிக்குக் கேட்பார். இரண்டு வட்டி என்பது நூற்றுக்கு மாதம் 2 ரூபாய். ஆண்டுக்கு 24 விழுக்காடு. வங்கியின் 10 விழுக்காட்டை ஊர்க் கணக்கில் சொன்னால் நூற்றுக்கு மாதம் 83 காசுதான். 83 காசு வட்டிக் கடனை விரைந்து தீர்க்கப் போய் 2 ரூபாய் வட்டிக் கடனில் விழுவது மிச்சமாகாது. 1 இலட்சம் ரூபாயை இரண்டு வட்டிக்கு வாங்கி ஈராண்டு வைத்திருந்தால் வட்டி மட்டும் 48,000 ரூபாய்.

ஆகவே வினா கட்டுவதா, சேர்ப்பதா என்பது அன்று; எதை முதலில், எந்த எல்லை வரை என்பதே.

வரிசை

முதலாவது, கைமாற்றாகவும் கூடுதல் வட்டிக்கும் வாங்கியவை. கல்லூரியில் சேர்க்கும் நாளில் அவசரத்துக்கு வாங்கிய இரண்டு வட்டிக் கடன் இன்னும் இருந்தால், மகளின் முதற் சம்பளங்கள் அதற்கே செல்ல வேண்டும். அதுவரை கல்விக் கடனுக்கு உரிய தவணை மட்டும் போதும்.

இரண்டாவது, கையிருப்பு. அந்த மகளுக்கு விடுதி, வீடு, தவணை மூன்றும் சேர்ந்து மாதச் செலவு 26,929 ரூபாய். மூன்று மாதச் செலவு ஏறத்தாழ 80,000. மாதம் 8,000 வீதம் பத்து மாதங்களில் அது சேர்ந்துவிடும். அதை வங்கியில் 20,000 வீதம் நான்கு வைப்புகளாகப் பிரித்து வைத்தால், அவசரத்துக்கு ஒன்றை மட்டும் உடைத்துக்கொள்ளலாம். 5 இலட்சம் வரையிலான வங்கி வைப்புக்குக் காப்பீடும் உண்டு. வைப்பில் 7 விழுக்காடு வந்து கடனில் 10 விழுக்காடு போவதால், இந்த 80,000 ரூபாயைக் கையில் வைத்திருப்பதால் வரும் இழப்பு ஆண்டுக்கு 2,400, அதாவது மாதம் 200 ரூபாய். தந்தையின் பெயர் கெடாதிருக்கவும் தாயின் நகை அடகுக் கடைக்குப் போகாதிருக்கவும் கொடுக்கும் காவற்கூலி அது.

மூன்றாவது, பகிர்வு. பதினோராம் மாதம் முதல் 8,000 ரூபாயில் 5,000 கடனின் அசலுக்கும் 3,000 சேமிப்புக்கும் செல்லட்டும். இவ்வாறு செய்தால் மொத்தம் 66 மாதங்களில், அதாவது ஐந்தரை ஆண்டுகளில், பத்தாண்டுக் கடன் தீர்ந்துவிடும். வட்டியில் ஏறத்தாழ 1,59,000 ரூபாய் மிஞ்சும். கடன் தீரும் நாளில், வட்டியைச் சேர்க்காமலே 2,48,000 ரூபாய் கையிலும் இருக்கும். தந்தையின் வழியோடு ஒப்பிட்டால் கூடுதலாகச் செல்லும் வட்டி 69,000 ரூபாய். சேமிப்பு ஈட்டும் வட்டி அதில் ஒரு பகுதியை ஈடுசெய்யும். எஞ்சியது அச்சமின்றி வாழ்ந்த ஐந்தரை ஆண்டுகளுக்கான விலை.

கையிருப்புக்கும் எல்லை வேண்டும் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொருளுக்கு இவ்வளவு என முன்னரே வரையறுத்துக்கொள்வது இல்லறத்தார் நோன்பு. அவ்வரையறை இல்லாவிடில், அவசரத்துக்கு எனத் தொடங்கிய சேமிப்பு மூன்று இலட்சம், நான்கு இலட்சம் என வளர்ந்துகொண்டே போக, மறுபுறம் அதைவிடக் கூடுதல் வட்டியில் கடனும் நின்றுகொண்டிருக்கும். ஆறு மாதச் செலவுக்கு மேல் சேர்ந்ததைக் கடனுக்கே திருப்பிவிடலாம்.

எல்லாக் குடும்பத்துக்கும் ஒரே அளவு பொருந்தாது. ஓராண்டுக்குள் திருமணமோ மேற்படிப்போ வரவிருக்கும் வீட்டில் கையிருப்பு மிகுந்திருக்க வேண்டும். வெளிநாட்டுப் படிப்புக்கென 12, 13 விழுக்காடு வட்டிக்கு, குடியிருக்கும் வீட்டை ஈடாக வைத்துக் கடன் பெற்றோர், அடிப்படைக் கையிருப்பைச் சேர்த்தவுடன் 8,000ஐயும் கடனுக்கே செலுத்துவது நன்று. அங்கே பணயத்தில் இருப்பது தலைமுறை வீடு.

வங்கியில் செய்ய வேண்டியவை

கூடுதல் தொகை கட்டும்போது, அதை அசலில் கழிக்குமாறும், மாதத் தவணையைக் குறைக்காமல் தவணைக் காலத்தைக் குறைக்குமாறும் எழுத்தில் கேட்க வேண்டும். தவணை குறைந்தால் கைக்கு இதமாக இருக்கும். ஆனால் வட்டி மிச்சம் சுருங்கிவிடும். ஆண்டுக்கு ஒருமுறை கடன் கணக்கு அறிக்கையைப் பெற்று, அசல் குறைந்திருப்பதைச் சரிபார்க்க வேண்டும்.

கடன் முடிந்த நாளில் நிலுவை இல்லை என்ற சான்றைக் கையோடு பெற வேண்டும். சொத்துப் பத்திரம் ஈடாகக் கொடுத்திருந்தால், கடன் முழுதும் தீர்ந்த 30 நாள்களுக்குள் மூலப் பத்திரங்களை வங்கி திருப்பித் தர வேண்டும். வங்கியின் குறையால் தாமதம் நேர்ந்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதி. சில மாதம் கழித்துக் கடன் தகவல் அறிக்கையில் அக்கணக்கு முடிந்ததாகப் பதிவாகியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். தந்தை, மகள் இருவர் பெயரிலும் பார்க்க வேண்டும்.

பெற்றோர்களுக்கு நிறைவாக ஒன்று. பிள்ளைகள் கடனை மறந்துவிடுவார்களோ என்ற அச்சத்தில் அவர்களை நெருக்க வேண்டாம். மாதத்தில் ஒரு நாள், ஒரு தாளில், கட்டியது எவ்வளவு, சேர்ந்தது எவ்வளவு, இன்னும் நிற்பது எவ்வளவு என மூன்று வரி எழுதி இருவரும் சேர்ந்து பாருங்கள். இளைஞர்களுக்கு ஒன்று. உங்கள் தந்தையார் கடனை எண்ணித் தூங்காதிருப்பது அறியாமை அன்று. வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும் என்ற நாணம் அது. அந்த நாணத்தை மதியுங்கள். கணக்கை நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள்.

அந்த நான்கு வைப்புச் சீட்டுகளையும் மகள் தன் தந்தையின் கையில் கொடுத்து வைக்கட்டும். கடன் இன்னும் நிற்கும்போதே அவருக்குத் தூக்கம் வரத் தொடங்கும்.